நெடுங்காட்டு நாட்டின் மூன்றாம் அரசன்

சென்னை
2-6-1949

மாதுங்கா ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி வெங்கடராமன் அவர்களுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பம்பாயில் மழை பிடிப்பதற்குள் இந்தத் தபால் நனையாமல் வந்து சேர வேண்டுமே என்பது என் கவலை.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே செப்பேடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் நீங்கள் எழுதிவருவதைப் படிக்கிறவன் நான். அந்த உரிமையில் ஒரு வேலையைச் சுமத்துகிறேன். எங்கள் மன்றம் கொண்டுவரும் 'தமிழ் அறிவுத் தொகுதி'யின் முதல் பகுதிக்காக 'மேற்கு மலையடி அரசுகள்: தொடக்க வரலாறு' என்ற கட்டுரை வந்திருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டோம். கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி டைப் அடித்தும்விட்டோம். கட்டுரையை வேறு மாகாணத்தில் இருப்பவரிடம்தான் மதிப்பீட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளூரில் கொடுத்தால் ஒன்று சிநேகிதராக இருப்பார், இல்லாவிட்டால் பங்காளியாக இருப்பார்.

ஒவ்வொரு பெயருக்கும் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை இல்லை என்று எழுதுங்கள். நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்பது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். ஜூலைக்குள் பதில் வந்தால் அச்சகத்துக்காரர் என்னை உயிரோடு விடுவார்.

தங்கள் நலம் வேண்டும்
கணேசபாண்டியன்
பதிப்பாசிரியர்


பாலக்காடு
8-6-1949

அன்புள்ள விஜயம் அக்காவுக்குப் பஞ்சுவின் நமஸ்காரம்.

இங்கே அம்மா, அம்மிணி, நான் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. அத்திம்பேர் சௌக்கியமா? இரண்டு மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். கண் பட்டுவிடுமோ என்ற பயம்தான்.

சென்னையில் அறிவுத் தொகுதி என்று போடுகிறார்களே, அதற்கு மலையடி அரசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறேன். யாரோ ஒருவரிடம் மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறதாம். தேறிவிட்டால் அங்கேயே உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்வது பற்றி யோசிப்பார்களாம். நாற்பத்திரண்டில் நான் ஜெயிலுக்குப் போனதும் காலேஜ் என்னைக் கைகழுவியது. அதிலிருந்து டியூஷன், டியூஷன், டியூஷன். அம்மிணி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசேஷத்தைக் கேள். அப்பா பாட்டைச் சேர்த்திருக்கிறேன்! அவர் கிளாஸில் நாங்களெல்லாம் கூடிக் கத்துவோமே:

வீர வர்மன் மகன் அரிகரன், அவன்பின்
ஈர நெஞ்சினன் நீல கண்டன்
நாலே ஆண்டு நாடாண் டிருந்தான்;
மேலே வந்தவன் மாதவ வர்மன்.

நெடுங்காட்டு நாட்டுச் செப்பேட்டில் அரிகரனுக்கு அடுத்து மாதவன் பெயர்தான் இருக்கிறது. பொறித்தவன் நடுவில் ஒருவனை விட்டுவிட்டான். அப்பா எந்த ஓலையிலிருந்து எடுத்தாரோ, பாட்டு அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 'வழிவழியாக வரும் பாடல்' என்று மட்டும் குறித்தேன். அப்பா பெயரைப் போட்டால் சொந்தப் பெருமை என்பார்கள். 'நீலகண்டன் நான்கு ஆண்டுகளே ஆண்டான். அவன் காலத்தில் போர் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. மக்கள் அவனிடம் மிகுந்த அன்பு கொண்டிருந்தனர் என்று ஊகிக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். எப்படி?

அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். ராஜாக்கள் சமாசாரம் அவளுக்கு எங்கே பிடிக்கிறது! உன் கடிதம் வந்தால் மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அதனால் நீளமாக எழுது.

பஞ்சு


மாதுங்கா
17-6-1949

சிரஞ்சீவி பஞ்சுவுக்கும் சௌபாக்கியவதி அம்மிணிக்கும் ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலுக்குத் தண்ணீர். உங்கள் அத்திம்பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலுக்குப் போகிறார். பால்கார பையா இப்போதெல்லாம் தண்ணீர் கலப்பதில்லை, மழையே கலந்துவிடுகிறது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கி என் கண்ணே போய்விடும் போலிருக்கிறது. அம்மா, முழங்காலுக்குக் கொட்டஞ்சுக்காதித் தைலம் தீர்ந்துவிட்டதா? வேண்டுமானால் எழுதச் சொல்.

கட்டுரை எழுதினது ரொம்ப சந்தோஷம், பஞ்சு. நிஜமாகவே சந்தோஷம். உனக்கு அந்த உத்தியோகம் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை.

இந்தப் பத்தியை மட்டும் மனசுக்குள் படி. பாட்டைத் தவிர மூன்றாவது ராஜாவுக்கு வேறு சான்று உண்டா? செப்பேடு பொறிக்கிறவன் மற்றதையெல்லாம் சரியாகப் பொறித்துவிட்டு ஒரு ராஜாவை மட்டும் மறப்பானா? இப்போதே சென்னைக்கு எழுதி, அந்த மூன்று வரிகளை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடேன். கட்டுரைக்கு ஒரு குறையும் வராது. அக்கா எதற்குச் சொல்கிறாள் என்று கேட்காதே. சொன்னால் கேள்.

ஆசீர்வாதத்துடன்
விஜயம்


பாலக்காடு
27-6-1949

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம்.

'மனசுக்குள் படி' என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்து உரக்கப் படித்துவிட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படிப் படிப்பது? பாதியில் நிறுத்தினேன். "மேலே படி" என்றாள். படித்தேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குத்தான் மனசு சரியில்லை. அப்பா பொய் சொல்லுவாரா? வாழ்நாள் முழுக்க மார்க்கு கூட ஒன்று அதிகம் போடாத மனுஷர். நீ பி.ஏ. படித்தவள், பம்பாயில் பெரிய டீச்சர். என் கட்டுரை பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லு. அப்பா மேல் போடாதே. எடுக்க மாட்டேன். அந்த மூன்று வரிதான் கட்டுரையிலேயே என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

பஞ்சு


மாதுங்கா
3-7-1949

பதிப்பாசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் தேக சௌக்கியத்துக்கு ஆண்டவன் அருள் புரியட்டும்.

கட்டுரையை நான் மதிப்பிடக் கூடாது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்லாமல் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சொன்னால்தான் விடுவீர்கள் என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன்.

கட்டுரையை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் பாட்டைக் கட்டியவர் என் தகப்பனார், பாலக்காட்டில் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். எழுதியவன் என் சொந்தத் தம்பி. வேறு மாகாணத்துக்கு அனுப்பினால் பங்காளி கையில் சிக்காது என்று எழுதியிருந்தீர்கள். கூடப் பிறந்தவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

இது மட்டும் என்றால் நான் மறைத்துக்கொண்டு நியாயமாகவே மதிப்பிட்டிருப்பேன். நீலகண்டன் என்று ஒரு அரசன் இல்லை. நீலகண்டன் என் தம்பி. எனக்கு அடுத்துப் பிறந்தவன், பஞ்சுவுக்கு முன்னால். நாலு வயசில் விஷ ஜுரத்தில் போய்விட்டான். அந்த மாதம் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் போனார். பையன்களுக்கு ராஜாக்கள் வரிசை மனப்பாடம் ஆக வேண்டும் என்று ஒரு பாட்டுக் கட்டினார். கட்டி முடித்ததும் என்னை உட்காரவைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். எனக்கு எட்டு வயசு. நீலு பேர் வருகிறதே அப்பா என்றேன். "வரட்டும், யாரிடமும் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளே பையன்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார்கள். அன்றைக்கு மூடிய வாய், அம்மா அந்தப் பெயரை இன்றுவரை உச்சரித்ததில்லை. வீட்டில் யாருமே சொல்வதில்லை. பஞ்சுவுக்குத் தனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பதே தெரியாது.

போன வாரம் காட்கோபரில் ஒரு கல்யாணம். வேங்கடசுப்ரமணியன் என்று ஒருவர், அப்பாவிடம் படித்தவர், தலை நரைத்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே பாட்டை முழுசாக ஒப்பித்தார். 'ஈர நெஞ்சினன்' என்று அவர் ஆரம்பித்ததும் நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன். பாயசம் வேண்டாமா என்று பின்னால் ஓடிவந்தார்கள்.

நீலுவை நான் எப்படிக் கட்டுரையிலிருந்து அடிப்பேன்? அடிக்காவிட்டால் ஒரு பொய் ராஜா தமிழ் படிக்கிறவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்வான். அடித்தால் என் தம்பியின் உத்தியோகம் போய்விடும். அம்மா காதில் விழும், அவன் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டுகிறவன். எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து விடுவித்துவிடுங்கள்.

இப்படிக்கு
விஜயலக்ஷ்மி வெங்கடராமன்


சென்னை
12-7-1949

அம்மா, வணக்கம். தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கிழித்துவிட்டேன். அதைப் பற்றி இனி நானும் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம்.

வேறு யாரிடம் கொடுப்பேன்? இந்தச் செப்பேட்டைப் படித்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். இன்னொருவர் மைசூரில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆகஸ்டில் அச்சு ஏற வேண்டும். உங்களிடம் நான் குடும்பக் கதையைக் கேட்கவில்லை. சான்று உண்டா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். இது அப்படியே அச்சேறினால் நாளைக்கு யாராவது ஒருவர் செப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். ஊர் பார்த்துச் சிரிக்கப்போவது உங்களையும் அல்ல, என்னையும் அல்ல. உத்தியோகத்தைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க முடியாது. குழுவில் சிலர் ஒரு பிழை கிடைத்தாலும் போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கணேசபாண்டியன்


மாதுங்கா
23-7-1949

பதிப்பாசிரியர் அவர்களுக்கு வணக்கம். நலம். மதிப்பீடு இதோ:

கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நில அமைப்பு, வணிகப் பாதைகள், கோயில் நிர்வாகம் பற்றிய பகுதிகளை ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிடலாம். ஆசிரியர் உழைப்பாளி.

நெடுங்காட்டு நாட்டின் மூன்றாம் அரசனாகக் குறிக்கப்படும் நீலகண்டன் என்னும் பெயரை நீக்க வேண்டும். கல்வெட்டிலோ செப்பேட்டிலோ அப்படி ஓர் அரசன் இல்லை. மேற்கோளாகக் காட்டப்படும் பாட்டு பள்ளிக்கூடத்துப் பையன்களுக்காகக் கட்டப்பட்டது, அது சரித்திரச் சான்று ஆகாது. அவனைப் பற்றிய மூன்று வரிகளையும் எடுத்துவிடுக.

ஐயா, எழுதிவிட்டேன். நேற்றே இதைத் தபால் பெட்டியில் பாதி நுழைத்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாதுங்காவில் நடுத்தெருவில் ஒரு டீச்சர் செய்கிற காரியமா அது.

விஜயலக்ஷ்மி வெங்கடராமன்


பாலக்காடு
5-8-1949

அக்காவுக்கு நமஸ்காரம். சௌக்கியம் என்று எழுத வழியில்லை.

மதிப்பீட்டை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு மேதாவி, பெயர் கிடையாது, என் நீலகண்டனை வெட்டிவிட்டான். ராஜாவே இல்லையாம்! பள்ளிக்கூடத்துப் பையன்களுக்காகக் கட்டின பாட்டாம்! இவன் வந்து பார்த்தானா? எந்த ஊர் மடையனோ, ஏட்டுச் சுவடி என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாதோ. உத்தியோகத்தைப் பற்றிச் சென்னையிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. போயிற்று என்றுதான் அர்த்தம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசி" என்றாள். வாசித்தேன். எழுந்து போய்ப் படுத்தவள்தான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மிணி கஞ்சி கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். என் உத்தியோகம் போனதற்கா இத்தனை துக்கம்? அப்பாவைப் பொய்யர் என்று சொன்னதற்காகத்தான் இருக்கும். அந்த மனுஷன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். அப்பாவிடம் படித்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்ச் சண்டை போடப் போகிறேன்.

பஞ்சு


மாதுங்கா
9-8-1949

பஞ்சு, ஆசீர்வாதம்.

அம்மா எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது. டாக்டரைக் கூப்பிட்டாயா? ஜுரம் உண்டா? நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கச் சொல் அம்மிணியை. சாப்பிடவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பாக்கிக் கடிதம் முழுக்க யாரையோ திட்டியிருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா?

அந்த மதிப்பீடு செய்தவரை ஏசாதே. வேண்டாம். அவருக்கு என்ன கஷ்டமோ. சென்னைக்கும் போகாதே. அம்மாவை விட்டு நகராதே.

உத்தியோகம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். ஆனாலும் அம்மாவைப் பற்றி எழுது. கார்டாவது போடு.

அக்கா


மாதுங்கா
25-8-1949

அம்மிணி, உனக்கு அநேக ஆசீர்வாதம்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தந்தி கொடுத்தேன், அதற்கும் இல்லை. தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதே கீழே இறங்கிப் போய் நிற்கிறேன். நேற்று அவனே "கல் ஆயேகா, பாய்" என்று, நாளைக்கு வந்துவிடும் என்று சமாதானம் சொன்னான். ஸ்கூலில் பெண்கள் கேள்வி கேட்டால் எனக்குக் காதில் விழுவதில்லை. ஊரிலிருந்து கடிதம் வராதது இதுதான் முதல் தடவையா என்கிறார் உன் அத்திம்பேர். இப்படி வராதது முதல் தடவைதான். அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெட்ராஸ் மெயிலில் இடம் கிடைத்தால் கிளம்பிவிடுவேன். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது. அம்மா இருக்கிறாளா?

விஜயம்


பாலக்காடு
27-8-1949

சௌபாக்கியவதி விஜயத்துக்கு அம்மா சொல்ல அம்மிணி எழுதறது. சொல்றதைச் சொல்றபடியே எழுதணும், அழகு பண்ணப்படாதுன்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு ஒண்ணும் இல்லை. கால் வலிதான். ரெண்டு வேளையும் சாதம் சாப்பிடறேன். நீ பயந்துண்டு ரயில் ஏறாதே. உன் கடுதாசிக்கும் தந்திக்கும் பதில் போட வேண்டாம், நானே சொல்லி எழுதச் சொல்றேன்னு பஞ்சுவையும் அம்மிணியையும் தடுத்தது நான்தான். தந்தியில எத்தனை வார்த்தை சொல்ல முடியும்?

பஞ்சு அந்தக் காகிதத்தை வாசிச்சான். பள்ளிக்கூடத்துப் பசங்களுக்காகக் கட்டின பாட்டுன்னு அதுல இருந்தது. பஞ்சுவுக்கே அது தெரியாது கேட்டியா. உங்கப்பா எந்த ஓலையிலேர்ந்தோ எடுத்தார்னு நெனச்சிண்டிருக்கான். பின்னே எங்கேயோ இருக்கற ஒருத்தருக்கு அது எப்படித் தெரிஞ்சுது? லோகத்துல இப்போ ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். நான் எழுதலை. நான் ஒண்ணும் கேக்கலை, நீயும் ஒண்ணும் எழுதாதே. பஞ்சுகிட்ட அதை மட்டும் சொல்லலை. அம்மிணி வாயைத் திறக்க மாட்டா.

படுத்துண்டு யோசிச்சேன். அப்பறம் பஞ்சுவைக் கூப்பிட்டு எதிர்ல உக்காத்தி வெச்சுண்டேன். உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்டா, நீலகண்டன்னு பேர், நாலு வயசு இருந்தான்னேன். "அவன் காலத்துல போர் ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிட்டேனேம்மா"ன்னான். ஏன் நடக்கலை, தினமும் விஜயத்தோட சண்டைதான், தலைமயிரைப் பிடிச்சு இழுப்பான்னேன். சிரிச்சுண்டே அழுதான் உன் தம்பி. நேத்து மெட்ராஸுக்கு வண்டி ஏறிட்டான். சண்டை போட இல்லை. அந்த வரியைத் தன் கையாலேயே அடிச்சுட்டு வரேன்னான். உத்யோகம் குடுத்தா குடுக்கட்டும், இல்லைன்னா திரும்பி வரட்டும். அம்மிணி அப்படித்தான் சொல்றா, நான் சொல்லிக் குடுக்கலை.

உங்கப்பா மேல எனக்குக் கோவம் உண்டு விஜயம். இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சொல்றேன். அவர் துக்கத்தை அவர் பாட்டாக் கட்டி ஊருக்குக் குடுத்துட்டார். ஊர்ப் பசங்கள்லாம் வாசல்ல கத்திண்டு போவா. ராஜாம்பா. என் குழந்தைக்கு ராஜ்யம் என்னத்துக்கு? ஊரே ராஜான்னு சொல்றவனை நெனச்சு, பெத்தவ அடுக்களையிலே உக்காந்து எப்படி அழறது? நான் அழவே இல்லை. அவன் போன அன்னிக்கு அழுததோட சரி.

இப்போ ராஜா இல்லைன்னு எழுதியாச்சு. அப்போ அவன் யாரு? என் பிள்ளைதான். பஞ்சு கிளம்பிப் போனப்பறம் நீலூன்னு ஒரு தரம் கூப்பிட்டுப் பாத்தேன். அதுக்கப்பறம் நிறுத்த முடியலை. அம்மிணி பயந்துபோய் அடுத்தாத்து மாமியைக் கூட்டிண்டு வந்துட்டா. பரவாயில்லை, அந்த மாமியும் உக்காந்து அழுதா.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல்லு. மழையில நனையாதே. கண்ணைக் கெடுத்துக்காதே. அம்மிணி பேனாவை வெச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கறா. கடைசி வரியை நான் சொன்னபடி எழுதறாளான்னு நீதான் வாசிச்சுப் பாக்கணும்.

விஜயத்துக்கும் நீலகண்டனுக்கும் பஞ்சுவுக்கும் ஆசீர்வாதம்.

அம்மா